குறைமாதக் குழந்தை வாயால் பால் குடிக்க ஆயத்தமானதா?

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, பிறந்த சிறிது நேரத்திற்குள் தாயின் மார்பைத் தேடிப் பற்றிக்கொண்டு பால் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. யாரும் அதற்குக் கற்பிப்பதில்லை. ஆனால், மாதம் நிறையுமுன் பிறந்துவிடும் குழந்தைக்கு இவ்வாற்றல் உடனே வாய்ப்பதில்லை. மருத்துவமனையில் அதன் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே பாலை இரைப்பைக்குள் விடுகின்றனர். குழந்தை நாள்தோறும் எடை கூடி வந்தாலும், 'இன்னும் வாயால் கொடுக்க வேண்டாம். சிறிது பொறுங்கள்' என்றே மருத்துவர் கூறுகிறார்.

சுங்காய், பீடோர், தாப்பா, சிலிம் ரிவர் வட்டாரத் தோட்டங்களில் மிகவும் முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகள், சிறப்பு மருத்துவர்கள் உள்ள பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவதுண்டு. ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை அத்தகையவற்றுள் ஒன்று. குழந்தை அங்கே இருக்க, குடும்பத்தார் இங்கே லயத்தில் காத்திருப்பர். அப்பொழுது பாட்டிமார் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளைக்குப் பசிக்காதா? வாயில் நாலு சொட்டுப் பால் விட்டால் என்ன?"

இக்கேள்வி அன்பினால் எழுவது. எனினும் அந்த நாலு சொட்டுப் பால், ஆயத்தமாகாத குழந்தையின் உயிருக்கே இடராக முடியலாம். ஆயத்தமான குழந்தைக்கோ தேவையின்றிக் காலம் தாழ்த்துவதும் நன்றன்று. எது ஆயத்தம், அதை எவ்வாறு அறிகின்றனர், பெற்றோர் செய்யத்தக்கது யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறைமாதம் என்பது எது?

கருவுற்ற காலத்தை மருத்துவர்கள் வாரங்களால் கணக்கிடுகின்றனர். நிறைமாதம் என்பது 37 வாரம் முதல் 41 வாரம் வரை. 37 வாரம் நிறைவடையுமுன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை எனப்படும். 32 வாரத்திற்கு முன் பிறப்பது மிகக் குறைமாதம். 28 வாரத்திற்கும் முன் பிறப்பது அதனினும் குறைந்தது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அஃதாவது, பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்று. ஆதலால், இது யாரோ ஒருவர் குடும்பத்திற்கு நேர்ந்த பழியுமன்று, தாய் செய்த குற்றமுமன்று.

இங்கே ஒரு கணக்கை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்றோடு மூன்று வாரம் ஆகிறது என்று கொள்வோம். ஊரார் அதனை 'மூன்று வாரக் குழந்தை' என்பர். மருத்துவரோ 30உடன் 3ஐக் கூட்டி, '33 வாரக் குழந்தை' என்பார். தாயின் வயிற்றிலேயே இருந்திருந்தால் அது இன்று எந்த வளர்ச்சியில் இருந்திருக்குமோ அதுவே அதன் உண்மை நிலை. பால் குடிக்கும் ஆற்றலை இக்கணக்கைக் கொண்டே பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் நிறைமாதத்தில் பிறந்த மூன்று வாரக் குழந்தையோடு இதனை ஒப்பிடுவது தவறு.

மூன்று தொழில், ஒரே தொண்டை

பால் குடிப்பது எளிய செயல்போல் தோன்றும். உண்மையில், பிறந்த குழந்தை செய்ய வேண்டிய செயல்களுள் அதுவே மிகக் கடினமானது எனலாம். அதில் மூன்று தொழில்கள் அடங்கியுள்ளன. முதலாவது, மார்பைப் பற்றி நாவைக் குழித்துப் பாலை உறிஞ்சுவது. இரண்டாவது, வாயில் சேர்ந்த பாலை விழுங்குவது. மூன்றாவது, இவற்றுக்கிடையே மூச்சு விடுவது.

உணவு செல்லும் வழியும் காற்றுச் செல்லும் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று கடக்கின்றன. இருபுறமும் வண்டிகள் வரும் ஒற்றைப் பாலத்தை நினைத்துக்கொள்ளலாம். ஒரு புறத்து வண்டி செல்லும்போது மறுபுறத்து வண்டி நிற்க வேண்டும். விழுங்கும் நொடியில் மூச்சு நிற்கிறது. மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்கிறது. பால் உணவுக்குழலில் இறங்கியதும் மீண்டும் மூச்சு தொடர்கிறது. நன்கு வளர்ந்த குழந்தை ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, தாளம் தவறாமல் குடிக்கிறது.

இத்தாளம் குலைந்தால் பால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைச் சேரும். பெரியவர்களுக்குப் புரையேறினால் இருமி வெளியேற்றிவிடுவோம். குறைமாதக் குழந்தையோ பெரும்பாலும் இருமாது. ஓசையின்றி மூச்சை நிறுத்திவிடும். இதயத் துடிப்பு தாழும். உதடு நீலம் பாரிக்கும். 'இருமவில்லை, ஆகவே ஒன்றுமில்லை' என்று எண்ணுவதற்கு இடமில்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்வாற்றல்கள் எப்பொழுது வருகின்றன?

மூன்று தொழில்களும் ஒரே நாளில் முளைப்பதில்லை. கருவிலிருக்கும் குழந்தை நான்கைந்து மாதத்திலேயே பனிக்குட நீரை விழுங்கவும் விரலைச் சூப்பவும் தொடங்கிவிடுகிறது. 28 வார அளவில் பிறந்த குழந்தையும் விரலை வைத்தால் மெல்லச் சூப்பும். ஆனால், அது பாலில்லாத வெறும் சூப்பல். விழுங்கவோ மூச்சை அதனோடு இணைக்கவோ வேண்டியதில்லை. உறிஞ்சல், விழுங்கல், சுவாசம் ஆகிய மூன்றும் இணையத் தொடங்குவது பொதுவாக 32 முதல் 34 வாரத்தில். அது முதிர்ந்து நிலைபெறுவது 36, 37 வாரத்தில்.

தொடக்கத்தில் குழந்தை மூன்று முதல் ஐந்து முறை உறிஞ்சிவிட்டு, மூச்சு வாங்குவதற்காக நீண்ட நேரம் நிற்கும். நிறைமாதக் குழந்தை பத்து, இருபது முறை தொடர்ந்து உறிஞ்ச வல்லது. குறைமாதக் குழந்தை நிற்பதைக் கண்டு, 'தூங்குகிறது' என்று தாடையை ஆட்டியும் கன்னத்தைத் தட்டியும் குடிக்க வைக்க முயல்வோர் பலர். அது தூங்கவில்லை, அடுத்த முறைக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்கிறது.

வயது மட்டும் அளவுகோலா?

ரப்பர் மரத்தை எப்பொழுது வெட்டுக்குத் திறக்கலாம் என்பதைத் தோட்டத்தில் உழைத்தோர் அறிவர். நட்டு ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதற்காக மட்டும் கத்தியை வைப்பதில்லை. மரத்தின் சுற்றளவை அளக்கின்றனர். சுமார் 45 சென்டிமீட்டர் சுற்றளவை எட்டிய மரங்கள் போதிய அளவில் இருந்தால்தான் அந்த நிரைகள் திறக்கப்படுகின்றன. ஒரே நாளில் நட்ட மரங்களுள்ளும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். முந்தித் திறந்த மரம் பட்டை கெட்டு வளர்ச்சி குன்றும்.

குழந்தைக்கும் இவ்வுண்மை பொருந்தும். 34 வாரம் என்பது ஒரு குறிப்புத்தான், கட்டளையன்று. சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் கெர்ஸ்டின் ஹெட்பெரி நிக்விஸ்ட் என்னும் செவிலிய ஆய்வாளர், மிகக் குறைமாதக் குழந்தைகள் தாய்மார்பில் நடந்துகொள்ளும் விதத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். சில குழந்தைகள் 29 வாரத்திலேயே மார்பைத் தேடவும் பற்றவும் முயல்வதை அவர் கண்டார். 2008இல் அவர் வெளியிட்ட ஆய்வில், முழுமையாகத் தாய்மார்பிலேயே குடிக்கும் நிலையைக் குழந்தைகள் 32 முதல் 38 வாரத்துக்குள் அடைந்தன. ஒன்று 32லும் மற்றொன்று 38லும் அந்நிலையை எட்டியதென்றால், நாட்காட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது என்பது தெளிவு. குழந்தையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவரும் தாதியரும் கவனிப்பவை

குழந்தை ஆயத்தமா என்பதை அறிய உலகில் பல மதிப்பீட்டு முறைகள் உள்ளன. நிக்விஸ்ட் 1996இல் அமைத்த அளவுகோல் அவற்றுள் ஒன்று. மார்பைத் தேடுகிறதா, எவ்வளவு வாய்க்குள் கொள்கிறது, பிடி நிலைக்கிறதா, தொடர்ந்து எத்தனை முறை உறிஞ்சுகிறது, விழுங்கும் ஒலி கேட்கிறதா என்பனவற்றைத் தாயும் தாதியும் சேர்ந்தே குறிப்பது அதன் சிறப்பு. அமெரிக்காவில் 2005இல் வெளியான மற்றொரு முறை, குழந்தை குடிப்பதற்கு முன்பும், குடிக்கும்போதும், குடித்த பின்பும் எவ்வாறு இருக்கிறது என்று பார்க்கிறது. முறைகள் பலவாயினும் அவை கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே. அவற்றை ஐந்தாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, உடல் நிலைபெற்றிருக்கிறதா? நிமிடத்திற்கு 40 முதல் 60 வரை மூச்சு விடுவது இயல்பு. ஓய்வாகப் படுத்திருக்கும்போதே 60க்கு மேல் மூச்சு வாங்கும் குழந்தைக்கு, விழுங்குவதற்காக மூச்சை நிறுத்த நேரமேது? அடிக்கடி 20 நொடிக்கு மேல் மூச்சு நின்றுபோகும் குழந்தையும் காத்திருக்க வேண்டும். குழாய்வழிப் பால் செரித்து, வாந்தியின்றி, வயிறு உப்பாமல் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும்.

இரண்டாவது, குழந்தை தானே விழிக்கிறதா? பால் நேரம் நெருங்கும்போது கண் திறப்பது, தலையை அசைத்து வாயைத் திறந்து தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுசெல்வது, நாவை நீட்டுவது ஆகியவை பசியின் மொழி. அழுகை அம்மொழியின் கடைசிச் சொல். அழுது களைத்த குறைமாதக் குழந்தைக்குக் குடிக்க வலுவிராது.

மூன்றாவது, வெறும் சூப்பல் எப்படி இருக்கிறது? கையுறை அணிந்த சிறுவிரலை நாவின் மேல் வைத்துத் தாதி பார்ப்பார். நா விரலைக் குழிவாகச் சூழ்ந்து தாளத்தோடு சூப்பினால் நன்று. கடிப்பது, நாவால் தள்ளுவது, ஓங்கரிப்பது ஆகியவை இன்னும் காலம் வேண்டும் என்பதைக் காட்டும். மூச்சு நிலைபெற்றிருந்தால், பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்ட மார்பில் குழந்தையை வைத்துச் சூப்பவும் விடுவர். பால் மிகுதியாகப் பாயாததால் இது அச்சமின்றிப் பழகும் பள்ளியாக அமைகிறது. குழாயில் பால் இறங்கும் நேரத்திலேயே இவ்வாறு சூப்ப வைத்தால், சூப்புவதையும் வயிறு நிறைவதையும் குழந்தை இணைத்துக் கற்கும். இப்பழக்கம் குழாயிலிருந்து வாய்க்கு மாறும் காலத்தையும் மருத்துவமனையில் தங்கும் காலத்தையும் குறைக்கிறது எனப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது.

நான்காவது, முதன்முதலாகக் குடிக்கும்போது நிறமும் மூச்சும் மாறாமல் இருக்கின்றனவா? ஐந்தாவது, எவ்வளவு குடித்தது, எவ்வளவு நேரத்தில், எத்துணைக் களைத்தது? குடிப்பதற்கு முன்னும் பின்னும் அதே உடையோடு நிறுத்துப் பார்க்கும் வழக்கமுண்டு. எடை 12 கிராம் கூடினால் ஏறத்தாழ 12 மில்லிலிட்டர் பால் உள்ளே சென்றது என்று பொருள். மீதி குழாய் வழியே கொடுக்கப்படும். குழந்தை விழுங்குவதில் ஐயம் தோன்றினால், இதற்கெனப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் காட்டுவதும் உண்டு.

நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள்

பேச வாயில்லாத குழந்தையும் 'போதும்' என்று சொல்லத்தான் செய்கிறது. நாம் அதைப் படிக்கக் கற்க வேண்டும். புருவத்தை நெரிப்பது, விரல்களை அகல விரிப்பது, கைகால் துவண்டு தொங்குவது, வாயோரத்தில் பால் வழிவது, மூக்கு விடைப்பது, விக்கல், தலையைத் திருப்புவது ஆகியவை 'சற்று நிறுத்து' என்பதற்கு அடையாளம். வாயைச் சுற்றிக் கருமை அல்லது நீலம், மூச்சு நிற்றல், களகளவென்ற ஒலி ஆகியவை கண்டால் உடனே நிறுத்தித் தாதியை அழைக்க வேண்டும்.

'கொடுத்த அளவை முடிக்க வேண்டும்' என்ற எண்ணம் இங்கே கூடாது. மூச்சுத் திணறத் திணற ஊட்டப்பட்ட குழந்தை, பால் என்றாலே அஞ்சி வாயை மூடிக்கொள்ளப் பழகிவிடும். இன்று ஐந்து மில்லிலிட்டர் அமைதியாகக் குடித்த குழந்தை, போராடி இருபது குடித்த குழந்தையைவிட முன்னேறியதாகும்.

குழாய் பட்டினியன்று

குழாயைக் கண்டு கலங்கும் தாய்மார்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். நிலைபெற்ற குறைமாதக் குழந்தைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 முதல் 180 மில்லிலிட்டர் பால் கொடுக்கப்படுகிறது. 1.6 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 160 மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளுக்கு 256 மில்லிலிட்டர். மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை எட்டுத் தடவை கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் 32 மில்லிலிட்டர். அளந்து கொடுக்கும் இப்பாலில், உறிஞ்சுவதற்குச் செலவாகும் வலுவெல்லாம் எடையாகச் சேர்கிறது. எனவே குழாய் என்பது குழந்தையைப் பட்டினி போடும் கருவியன்று. கற்கும் காலம் வரை அதனைக் காக்கும் கருவி. கற்கும்போதும் அது ஒரேயடியாக எடுக்கப்படுவதில்லை. நாளுக்கு ஒரு தடவை வாயால், ஏழு தடவை குழாயால் என்று தொடங்கி, படிப்படியாக மாறும்.

பாலாடை, குவளை, புட்டி

தாய் அருகில் இல்லாத வேளையில் குழந்தைக்கு எதனால் கொடுப்பது? நம் முன்னோர் பயன்படுத்திய பாலாடை, சங்கு ஆகியவற்றைப் பல வீடுகளில் இன்றும் காணலாம். மூக்குப்போல் நீண்ட வாயுள்ள இச்சிறு ஏனத்தைத் தென்னிந்தியாவிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பயன்படுத்துகின்றனர். 1999இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், புட்டியையும் குவளையையும்விடப் பாலாடையால் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்து அமைதியாகவும் இருந்தன. 2007இல் பிரிட்டனில் வெளியான ஆய்வோ, பாலாடையில் பால் மிகுதியாகச் சிந்தியதையும் நேரம் கூடியதையும் குழந்தைகள் இன்னலுற்றதையும் கண்டது. ஏனம் ஒன்றே, பழகிய கைக்கும் பழகாத கைக்கும் வேறுபாடு உண்டு என்று இதிலிருந்து எண்ண இடமுண்டு. ஆகவே, வீட்டிலுள்ள பாட்டியார் கைதேர்ந்தவரே ஆயினும், குறைமாதக் குழந்தைக்குத் தாதியின் முன்னிலையில் ஒரு முறை செய்து காட்டி ஒப்புதல் பெற்ற பின்னரே கொடுக்க வேண்டும். படுக்க வைத்து வாயில் ஊற்றுவது ஒருபோதும் கூடாது. நிமிர்த்திப் பிடித்து, உதட்டில் பால் படும்படி சாய்த்து, குழந்தை தானாக நக்கியும் உறிஞ்சியும் எடுக்க விட வேண்டும்.

புட்டியில் பால் தானாகச் சொட்டுவதால் குழந்தையால் தன் வேகத்தைக் கட்டுப்படுத்த முடிவதில்லை. புட்டியைத் தவிர்த்த குறைமாதக் குழந்தைகள், வீடு திரும்பும்போது தாய்ப்பால் குடிப்பது மிகுதி என்றும் ஆய்வுகள் கூறுகின்றன.

தாயின் பங்கு

குழந்தை குடிக்கக் கற்கும்போது தாயிடம் பால் இருக்க வேண்டும். இதுவே பலர் மறந்துவிடும் செய்தி. குழந்தை வாயால் குடிக்காத வாரங்களில் பாலைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் பால் வற்றிவிடும். பிறந்த சில மணி நேரத்திற்குள் தொடங்கி, இரவிலும் ஒரு முறை உட்பட, நாளுக்கு எட்டுத் தடவையாவது பீய்ச்ச வேண்டும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் சில துளியே ஆயினும் எறிந்துவிடலாகாது.

சுங்காயிலிருந்து ஈப்போவுக்குப் பால் கொண்டு செல்வோர், தூய கொள்கலத்தில் தேதியும் நேரமும் எழுதி, பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்துக் கொண்டு செல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம் என்பதை வார்டுத் தாதியிடம் கேட்டு அறிக. தோட்ட வேலையிலிருந்து வருவோர் ரப்பர் பாலும் அமிலமும் களைக்கொல்லியும் படிந்த உடையை மாற்றி, சவர்க்காரமிட்டு முழங்கை வரை கழுவிய பின்னரே பாலையோ குழந்தையையோ தொட வேண்டும்.

மற்றொரு பணி, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்திருப்பது. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத மருத்துவமனையில் 1978இல் எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் இதனைத் தொடங்கினார். குட்டியைப் பையில் சுமக்கும் கங்காருவின் பெயரால் இம்முறை அழைக்கப்படுகிறது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்தவுடனே இம்முறையைத் தொடங்கியதால் முதல் 28 நாள் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இவ்வாறு வைத்திருக்கப் பரிந்துரைத்தது. மார்பருகே கிடக்கும் குழந்தை பால் மணத்தை அறிகிறது, தேடுகிறது, பசிக் குறிப்புகளைத் தாயும் முதலில் கண்டுகொள்கிறாள். தாய்க்கு இயலாத நேரத்தில் தந்தையும் அணைத்து வைத்திருக்கலாம்.

சேனையும் தேனும்

பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பதும், வசம்பு உரைத்து ஊட்டுவதும் நம்மிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். பெரியோரின் நல்லெண்ணத்தை யாரும் ஐயுறவில்லை. ஆனால் குறைமாதக் குழந்தைக்கு ஒரு துளி சீனித் தண்ணீரும் புரையேறப் போதும். தேனில் உள்ள ஒரு வகை நுண்ணுயிர் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரக்கூடும். ஆகையால் ஒரு வயது நிரம்புமுன் எக்குழந்தைக்கும் தேன் ஆகாது. இனிப்பூட்டிய டின் பாலும் அவ்வாறே. சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் 1939ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், டின் பாலைக் குழந்தை உணவென்று விற்பது கொலைக்கு நிகர் எனக் கடுமையாகக் கண்டித்தார். ஆசி வழங்க விரும்பும் பெரியோர் குழந்தையின் நெற்றியில் கைவைத்து வாழ்த்தலாம், நாவை விட்டுவிடலாம்.

வீட்டிற்கு வந்த பின்

34 முதல் 36 வாரத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. அவை நிறைமாதக் குழந்தைபோல் உருண்டு திரண்டு தோன்றுவதால், விரைவில் வீட்டிற்கு அனுப்பப்படுவதுண்டு. தோற்றம் ஏமாற்றும். இவை எளிதில் உறங்கிவிடும். போதிய பால் குடியாது. மஞ்சள் காமாலை கூடும். 'அழவில்லை, நல்ல பிள்ளை' என்று மகிழாமல், மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறையாவது எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும்.

நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என எண்ணுங்கள். எடையை அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தவறாமல் நிறுத்துப் பாருங்கள். வீட்டிற்கு வரும் தாதியிடம், குழந்தை குடிக்கும் விதத்தைக் காட்டுங்கள். நீலம் பாரித்தல், மூச்சு நிற்றல், ஓய்விலும் வேகமாக மூச்சு வாங்குதல், தொடர்ந்து இரண்டு தடவை பால் மறுத்தல், பச்சை நிற வாந்தி, உடல் சில்லிடுதல் அல்லது சுடுதல், எழுப்பியும் எழாமை ஆகியவற்றுள் எதுவொன்று கண்டாலும் காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைக.

விடுமுறைக் கணக்கு

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு, வேலைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. சட்டத்தின் நிபந்தனைகளுக்குட்பட்டுத் தந்தைக்கும் 7 நாள் விடுமுறை உண்டு. ஆனால் 28 வாரத்தில் பிறந்த குழந்தை 36 வாரம் வரை மருத்துவமனையில் இருந்தால் 56 நாட்கள் அங்கேயே கழிந்துவிடும். எஞ்சுவது 42 நாட்களே. குழந்தை நிறைமாதக் குழந்தைபோல் குடிக்கத் தொடங்கிய சில நாட்களில் தாய் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். ஆதலால் பீய்ச்சிய பாலை யார் ஊட்டுவது, அவர் எப்பொழுது தாதியிடம் கற்றுக்கொள்வது என்பதைக் குடும்பத்தார் முன்னதாகவே பேசி முடிவு செய்தல் அவசியம். தோட்ட அலுவலகத்திற்கும் தொழிற்சங்கத்திற்கும் நிலைமையைக் காலத்தோடு தெரிவிப்பதும் நன்று.

முடிவாக, குறைமாதக் குழந்தை வாயால் குடிக்கும் நாளைக் குறிப்பது நாட்காட்டியுமன்று, அண்டை வீட்டார் பேச்சுமன்று. குழந்தையே அந்நாளைக் குறிக்கிறது. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது, 'எப்பொழுது வீட்டிற்கு அனுப்புவீர்கள்?' என்று மட்டும் கேளாமல், 'இன்று என் பிள்ளை எத்தனை தடவை வாயால் குடித்தது? மூச்சு மாறியதா? நான் என்ன செய்யலாம்?' என்றும் தாதியிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டுவதில்லை. குழந்தையின் குறிப்பைப் படிக்கக் கற்ற தாய் தந்தையரே, வீட்டிலும் அதனைக் காக்கும் முதல் தாதியர் ஆவர்.